மேஸ்திரி சிஸ்டர்

அந்த சிஸ்டர் கடைசிவரை "பயப்படாதீங்க" என்று ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. நாற்பத்தொரு நாள் அந்த வார்டு வாசலில் கிடந்தவன் சொல்கிறேன். டாக்டர்கள் சொன்னார்கள், பார்க்க வந்த சொந்தக்காரர்கள் சொன்னார்கள், வாசலில் உட்கார்ந்திருந்த செக்யூரிட்டி சொன்னார், எதிரில் இளநீர் வெட்டிக்கொண்டிருந்தவர்கூடச் சொன்னார். அந்த அம்மாள் மட்டும் சொல்லவில்லை. என்ன கேட்டாலும் அவரிடமிருந்து வருவது ஒன்றுதான். "சும்மா ஏன் நிக்கிறீங்க? வாங்க, ஒரு வேலை இருக்கு."

அவர் பெயர் எனக்குத் தெரியாது. பச்சை அங்கி போட்டிருப்பார், அது சட்டையில் குத்தியிருக்கும் பெயரை மறைத்துவிடும். முகத்தில் பாதி மாஸ்க். குள்ளமான உருவம், ஐம்பதை ஒட்டிய வயது, தூக்கம் கெட்ட கண்கள், உள்ளே போட்டு நடக்கும் நீல ரப்பர் செருப்பு. நாளைக்கே அரியலூர் பஸ்ஸில் என் பக்கத்து சீட்டில் மாஸ்க் இல்லாமல் வந்து உட்கார்ந்தால் எனக்கு அடையாளம் தெரியாது. வாயைத் திறந்தால் மட்டும் எழுந்து நின்றுவிடுவேன்.

காத்திருந்த அப்பன்மார் நாங்கள் எல்லோரும் சேர்ந்து அவருக்கு மேஸ்திரி என்று பெயர் வைத்தோம். காலையில் சித்தாள்களை நிறுத்தி வேலை பிரித்துக் கொடுப்பாரே கட்டட மேஸ்திரி, அப்படித்தான் இருக்கும் அவர் டியூட்டிக்கு வந்தால். எவனோ போட்டுக் கொடுத்துவிட்டான் போல. ஒருநாள் வாசலுக்கு வந்து எங்களைப் பார்த்து, "மேஸ்திரின்னா கூலி குடுக்கணும். நான் வேலை மட்டும்தான் குடுக்குறேன். அதனால சிஸ்டர்னே கூப்பிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். திட்டினாரா கிண்டல் செய்தாரா என்று மாஸ்க்குக்குள் ஒன்றும் தெரியவில்லை.

நான் ஆண்டிமடத்தில் டிராக்டர் மெக்கானிக். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும், இதை என் மனைவி சத்யாவே ஊர் முழுக்கச் சொல்லிவைத்திருக்கிறாள். அவளுக்கு ஏழாம் மாதத்தில் திடீரென்று பிரஷர் ஏறி, ஆம்புலன்சில் டவுனுக்குக் கொண்டுவந்து, ஆபரேஷன் செய்து எடுத்த பெண் குழந்தை என் மகள். ஒரு கிலோ நூறு கிராம். என் பட்டறையில் இருக்கும் கிரீஸ் டப்பாவின் எடை. அவளைக் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால், குறைமாதக் குழந்தைகளையும் மூச்சுத் திணறும் குழந்தைகளையும் வைத்துப் பார்க்கும் தீவிர சிகிச்சை வார்டில் வைத்தார்கள். பெயர் கிடையாது. அட்டையில் "பேபி ஆஃப் சத்யா" என்று எழுதி ஒட்டியிருந்தார்கள்.

முதல் நாளே எனக்கும் சிஸ்டருக்கும் சண்டை. உள்ளே போய்க் குழந்தையைப் பார்க்க வேண்டுமென்றால் முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். என் வலது கையில் குலசாமி கோயில் கயிறு கட்டியிருந்தேன். அதை அவிழ்க்கச் சொன்னார். நான் முடியாது என்றேன்.

"எங்க குலதெய்வம் கயிறு சிஸ்டர். இதை அவுத்துட்டு என் புள்ளையைப் பாக்கச் சொல்றீங்களா?"

"இதுல எத்தனை நாள் கிரீஸு இருக்குன்னு பாத்தீங்களா?"

"சாமி விஷயத்துல பேசாதீங்க."

"சாமியைப் பத்தி நான் ஒன்னுமே பேசல. அழுக்கைப் பத்திப் பேசுறேன். சாமி உங்க மனசுல இருக்கட்டும், கயிறு உங்க பையில இருக்கட்டும். கையைக் கழுவுங்க. இதுதான் உங்க முதல் வேலை, ஒழுங்கா செய்யுங்க."

கத்தரிக்கோலை எடுத்து நீட்டினார். நானே வெட்டினேன். அப்புறம் என் பின்னாலேயே நின்று, விரல் இடுக்கு, கட்டைவிரல், நகக்கண் என்று பள்ளிக்கூடப் பையனை மேய்ப்பதுபோல மேய்த்துக் கழுவவைத்தார். மூன்றாவது தடவை நுரை வெள்ளையாக வந்த பிறகுதான் கதவைத் திறந்தார்.

உள்ளே போனதும் என் கோபமெல்லாம் எங்கே போயிற்றோ! மூக்கில் குழாய், வாயில் குழாய், காலில் ஊசி, என் சுண்டுவிரல் தடிமனில் கை. நான் பொலபொலவென்று அழுதேன். "பொழச்சுக்குமா சிஸ்டர்?" என்று கேட்டேன். எங்கள் பக்கத்தில் எல்லோரும் கேட்பது அந்த ஒரு சொல்லைத்தான். ஆமாம் என்று யார் வாயாலாவது கேட்டுவிட்டால் போதும், அன்றைக்குச் சோறு இறங்கும்.

"இந்த நிமிஷம் நல்லா மூச்சு வுடுறா" என்றார். "உங்க விரலை அவ உள்ளங்கையில வைங்க. தடவக் கூடாது, தட்டக் கூடாது. வச்சா போதும். அவளே புடிச்சுக்குவா."

வைத்தேன். பிடித்தாள். அந்த எடையில் அவ்வளவு பிடி எங்கிருந்து வந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

எல்லோருக்கும் ஒரு வேலை வைத்திருப்பார். மேல்மாடி வார்டில் தையலோடு படுத்திருந்த சத்யா, "எனக்குப் பாலே வரல, நான் எதுக்கும் ஆவமாட்டேன்" என்று அழுதுகொண்டிருந்தாள். சிஸ்டர் டியூட்டி முடிந்து வீட்டுக்குப் போகிற வழியில் மாடி ஏறிப் போய், ஒரு சின்னக் கிண்ணத்தைக் கையில் கொடுத்து, எப்படிப் பிதுக்கி எடுப்பது என்று காட்டிக்கொடுத்தாராம். முதல் நாள் வந்தது நாலு சொட்டு. அதை ஊசிக் குழாயில் உறிஞ்சி எடுத்து, "நாலு சொட்டு போதும், அவ வயித்துக்கு இது விருந்து. மூணு மணி நேரத்துக்கு ஒருக்கா இதுதான் உன் வேலை" என்றாராம். அன்றிலிருந்து சத்யா அழுதாலும் மணியைப் பார்த்துக்கொண்டேதான் அழுவாள்.

என் மாமியார், நான் அத்தை என்று கூப்பிடுவேன், வந்த நாள் முதல் வாசலில் உட்கார்ந்து, "ஏழு மாசத்துப் புள்ளை தங்கும், எட்டு மாசத்துப் புள்ளைதான் தங்காது" என்று போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். அங்கே எட்டு மாதத்தில் பெற்றவர்கள் ரெண்டு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள் என்ற நினைப்பே இல்லை. சிஸ்டர் காதில் விழுந்துவிட்டது. "அம்மா, மாசத்தை வுடுங்க. உங்களுக்குத் தைக்க வருமா?" என்று கேட்டார். பழைய பருத்தி வேட்டியைத் துவைத்து வெயிலில் காயவைத்துக் குழந்தைத் தலைக்குக் குல்லா தைக்கச் சொன்னார். அவ்வளவுதான், அத்தை வாயை மூடிக்கொண்டார். எட்டு மாதத்துக் குழந்தைகளுக்கும் சேர்த்துத்தான் தைத்தார்.

என்னை வைத்து வாங்கின வேலையைச் சொன்னால் சிரிப்பீர்கள். எட்டாம் நாளோ ஒன்பதாம் நாளோ, "பாப்பா அப்பா, போய்க் குளிச்சிட்டு முன்பக்கம் பட்டன் வச்ச சட்டை போட்டுட்டு வாங்க" என்றார். வந்தேன். சட்டையைத் திறந்து, சாய்வு நாற்காலியில் உட்காரவைத்து, குழாய்களோடு சேர்த்து மகளைத் தூக்கி என் நெஞ்சில் தோலோடு தோலாகக் கவிழ்த்துப் போட்டு, மேலே துணியைச் சுற்றினார். இதற்கு கங்காரு என்று பெயராம். அத்தைக்கு அந்தச் சொல் வாயில் நுழையவில்லை. ஊரிலிருந்து போன் வந்தால், "மாப்ளைக்கு உள்ள கங்காணி வைத்தியம் நடக்குது" என்பார். ஒரு பக்கம் மேஸ்திரி, ஒரு பக்கம் கங்காணி, நடுவில் நான்.

"பேசுங்க" என்றார் சிஸ்டர்.

"யார்கிட்ட?"

"என்கிட்டயா பேசச் சொல்றேன்? அவகிட்ட. குரல் கேக்கும் அவளுக்கு."

"என்னத்தைப் பேசறது சிஸ்டர்?"

"உங்களுக்குத் தெரிஞ்சதைப் பேசுங்க."

எனக்குத் தெரிந்தது டிராக்டர். கிளட்ச் பிளேட் தேய்ந்தால் வண்டி எப்படி இழுக்காமல் உறுமும், அதை எப்படிக் கழற்ற வேண்டும், எந்த போல்ட்டை முதலில் தளர்த்த வேண்டும் என்று ஒரு மணி நேரம் என் மகளுக்குச் சொன்னேன். மெஷினில் மூச்சு எண்ணிக்கை நிதானமாக ஓடியது. பக்கத்துக் குழந்தைக்கு மருந்து ஏற்றிக்கொண்டே சிஸ்டர், "கியர் பாக்ஸை நாளைக்குச் சொல்லுங்க, இன்னிக்கு அவளுக்கு இது போதும்" என்றார். நான் சிரித்தேன். குழந்தை பிறந்தபின் நான் சிரித்தது அன்றுதான்.

ஆனாலும் அந்த ஒரு சொல்லை மட்டும் சொல்ல மாட்டேன் என்கிறாரே என்று உள்ளுக்குள் கொதித்துக்கொண்டே இருந்தேன். ஒருநாள் நேராகவே கேட்டுவிட்டேன். "பொழச்சுக்கும்னு ஒரு வார்த்தை சொன்னா நீங்க என்ன கொறைஞ்சா போயிடுவீங்க?"

அவர் கோபப்படவில்லை. "சொல்லிட்டு, அது மாதிரி நடக்கலைன்னா, அப்புறம் என் மூஞ்சியை எப்படிப் பாப்பீங்க? நான்தான உங்க கூட நிக்கணும் அப்ப" என்றார்.

அந்த வார்டில் இன்னொரு சத்யா இருந்தாள். செந்துறைப் பக்கத்துக்காரி. அவளுக்கு ஆண் குழந்தை, நிறைமாதம்தான், ஆனால் பிறந்ததும் அழவில்லை. அவள் புருஷன் போர்வெல் லாரியில் வேலை பார்க்கிறவர், என்னைவிட நாலைந்து வயது இளையவர். நானும் அவரும் வராந்தாவில் ஒரே பாயில்தான் படுத்தோம், ஒரே சார்ஜரில் மாற்றி மாற்றிப் போனைப் போட்டோம். அவர் என்னை அண்ணே என்பார். உள்ளே குழந்தைகளுக்கு ஊர் பெயரையும் சேர்த்து அட்டை எழுதிவிட்டார்கள். ஆனால் வாசலில் வந்து கூப்பிடுகிறவர்களுக்கு அவசரம், ஊரெல்லாம் வாயில் வராது. அம்மா பெயரைச் சொல்லி, கூட இருப்பவரை அட்டெண்டர் என்று கூப்பிடுவதோடு சரி.

பன்னிரண்டாம் நாள் காலை பதினோரு மணி இருக்கும். கதவு திறந்தது. "சத்யா அட்டெண்டர்! சத்யா அட்டெண்டர்!"

அந்தக் குரலில் ஏதோ இருந்தது. நான் ஓடினேன். யாருடைய சத்யா என்று கேட்கத் தோன்றவில்லை. உள்ளே மேசைக்குப் பக்கத்தில் இளம் டாக்டர் ஒருவர் நின்றார். அன்றுதான் அவரை முதலில் பார்க்கிறேன். என்னை உட்காரச் சொன்னார். "எங்களால முடிஞ்சதெல்லாம் பண்ணிப் பாத்தோம்ங்க" என்று தொடங்கினார். உள்ளே இருந்து சிஸ்டர் கையை நீட்டிக்கொண்டே வேகமாக வந்தார். "டாக்டர், இவரு இல்ல! இவரு ஆண்டிமடம்."

என் வாய் "அப்பாடா" என்றது.

மனதுக்குள் இல்லை, சத்தமாக. சிரித்தேனோ என்றுகூடச் சந்தேகம். மூன்று கட்டில் தள்ளி ஒரு வெள்ளைத் துணிக்குக் கீழே அந்தப் பையன் கிடக்கிறான், அவன் அப்பனும் நானும் காலையில் பல் விளக்கி ஒரே டம்ளரில் தண்ணீர் மொண்டு கொப்பளித்திருக்கிறோம், நான் அப்பாடா என்கிறேன். சொன்ன பிறகுதான் சொன்னது எனக்கே உறைத்தது. சிஸ்டர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்த இடத்திலேயே பூமி பிளந்து என்னை முழுங்கியிருக்கக் கூடாதா என்று இருந்தது.

அவர் தாழ்ந்த குரலில், "செந்துறைக்காரரு டீக்கடைக்குப் போயிருப்பாரு. கூட்டிட்டு வாங்க" என்றார்.

"நானா? என்னால முடியாது சிஸ்டர்."

"நீங்க ஒன்னும் சொல்ல வேணாம். கூப்பிடுறாங்கன்னு மட்டும் சொல்லுங்க. அப்புறம் அவரு கெளம்புற வரைக்கும் கூடவே நில்லுங்க. போங்க."

போனேன். அவர் டீயை ஆற்றிக்கொண்டிருந்தார். என் முகத்தைப் பார்த்ததும் கிளாசைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். "என்னாச்சுண்ணே? பாப்பாவுக்கு என்ன?"

என் மகளுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்துவிட்டார். "கூப்பிடுறாங்க" என்றேன். யாரை என்று சொல்லவில்லை. அவர் என் தோளில் கையைப் போட்டு, ரோட்டைத் தாண்டவைத்து, கேட்டுக்குள் கூட்டிவந்து, படி ஏறும்வரைக்கும், "ஒன்னும் ஆவாதுண்ணே, தைரியமா இருங்கண்ணே, நான் இருக்கேன்ல" என்று சொல்லிக்கொண்டே வந்தார். அந்த நூறடி தூரத்தை நான் எப்படி நடந்தேன் என்று கேட்காதீர்கள். வாசலில் நின்ற சிஸ்டர் அவர் கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனார். கதவு மூடியது. அதற்குப் பிறகு கேட்ட சத்தத்தை நான் எழுதப்போவதில்லை.

வெகுநேரம் கழித்து செந்துறைக்காரர் வெளியே வந்தார். சிஸ்டர் சொன்னபடி நான் பக்கத்திலேயே நின்றேன். குழந்தையை ஊருக்குக் கொண்டுபோக வண்டி வர மூன்று மணி ஆகிவிட்டது. அதுவரை அவர் என்னை விட்டு நகரவில்லை. எங்கே போனாலும், "வாங்கண்ணே" என்று கையைப் பிடித்துக் கூட்டிப்போனார். "சாப்டீங்களாண்ணே?" என்று கேட்டு, நான் வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல், தயிர்ச்சோறு வாங்கிவந்து பொட்டலத்தைப் பிரித்து முன்னால் வைத்தார். அவர் ஒரு வாய் தொடவில்லை. பிள்ளையைப் பறிகொடுத்த மனுஷன் எனக்குச் சோறு வாங்கிவைக்கிறாரே என்று எனக்கு ஒரே அவமானம். ஆனாலும் சாப்பிட்டேன். வண்டியில் ஏறும்போது, "பாப்பாவைப் பாத்துக்கங்கண்ணே" என்றார்.

அவர் போன பிறகு நான் உள்ளே போய்க் கையைக் கழுவினேன். சிஸ்டர் பக்கத்துக் குழாயில் கழுவிக்கொண்டிருந்தார்.

"நான் அப்பாடான்னு சொல்லிட்டேன் சிஸ்டர்" என்றேன்.

"கேட்டேன்."

"நான் மனுசனே இல்ல."

அவர் குழாயை முழங்கையால் மூடினார். "நான் டியூட்டியில இல்லாதப்ப ஒரு புள்ளை போச்சுன்னா, மறுநாள் வந்து கேக்குறப்ப எனக்கும் அதேதான் வாயில வரும். இத்தனை வருஷமா வருது. இன்னிக்கு என் டியூட்டியிலயே போச்சு, எனக்கு அதுக்கும் வழியில்லை" என்றார். கண் ஓரம் சிவந்திருந்தது. அப்புறம், "வாங்க, மூணு மணி பால் குடுக்கணும். டியூபை நீங்க புடிச்சுக்கங்க" என்று உள்ளே நடந்தார். அவருக்குள்ளும் பயம் இருக்கிறது என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. அந்த அம்மாள் மீது இருந்த கோபம் அத்தனையும் அந்தக் குழாயடியிலேயே கழுவிக்கொண்டு போய்விட்டது.

நாற்பத்தொன்றாம் நாள் எங்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். சத்யா சிஸ்டர் காலில் விழப் போனாள். "தையல் போட்ட வயிறு, குனியாத" என்று தடுத்துவிட்டார். என்னிடம் கடைசியாக ஒரு வேலை கொடுத்தார். "செந்துறைக்காரரு நம்பர் இருக்குல்ல? ஒரு போன் பண்ணுங்க. பாப்பாவை வூட்டுக்குக் கூட்டிட்டுப் போறோம்னு சொல்லுங்க."

அவர் கொடுத்த வேலைகளில் நான் செய்யாமல் விட்டது அது ஒன்றுதான். எத்தனையோ தடவை நம்பரை எடுத்தேன். எந்த வாயால் சொல்வது? ஆறு மாதம் கழித்து அந்த வார்டுக்கு அத்தை தைத்த குல்லாக்களைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது, சிஸ்டரை வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள் என்றார்கள். ஒரு விதத்தில் நல்லதாயிற்று என்று நினைத்துக்கொண்டேன். போன் பண்ணினீங்களா என்று அவர் கேட்டிருப்பார்.

மகள் இப்போது ஒன்றாம் வகுப்பு படிக்கிறாள். மூன்று மாதத்துக்கு முன் ஒரு சனிக்கிழமை, அவளை வண்டியில் முன்னால் உட்காரவைத்துக்கொண்டு ஸ்பேர் பார்ட்ஸ் வாங்க அரியலூர் போயிருந்தேன். பெட்ரோல் பங்கில் வரிசையில் நிற்கும்போது பின்னாலிருந்து, "அண்ணே" என்று ஒரு குரல். திரும்பாமலே தெரிந்துவிட்டது. எனக்கு முதலில் தோன்றியது என்ன தெரியுமா? மகளை எங்கேயாவது மறைத்துவிட வேண்டும்.

அவர் வந்து குனிந்து அவளைப் பார்த்தார். பெயரைக் கேட்டார், சொன்னாள். தலையில் கை வைத்தார். கை கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தது.

என்னால் தாங்க முடியவில்லை. வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு எல்லாவற்றையும் கொட்டினேன். "போன் பண்ணாம வுட்டுட்டேன் தம்பி, மன்னிச்சுக்க. அன்னிக்கு நான் உன் கூட நின்னதுகூட நானா நிக்கல. அந்த சிஸ்டர் சொன்னாங்க, அவரு கெளம்புற வரைக்கும் கூடவே நில்லுங்கன்னு. அதான் நின்னேன்."

அவர் என்னை ஆச்சரியமாகப் பார்த்தார்.

"உங்ககிட்டயும் சொன்னாங்களாண்ணே?"

"உன்கிட்ட என்ன சொன்னாங்க?"

"துணியைச் சுத்தி என் புள்ளையை என் கையில குடுத்தாங்க. கொஞ்ச நேரம் வச்சிருந்தேன். அப்புறம் வாங்கிக்கிட்டு, 'வெளிய நிக்கிற ஆண்டிமடத்துக்காரரு பொண்ணு இன்னும் உள்ளதான் இருக்கு. மனுசன் ரொம்பப் பயந்து போயிருக்காரு, காலையிலேருந்து ஒன்னும் சாப்பிடல. வண்டி வர்ற வரைக்கும் அவரைத் தனியா வுட்டுடாதீங்க, உங்களால முடியும்'னாங்க." அவர் மறுபடி என் மகளின் தலையில் கை வைத்தார். "புள்ளையைப் பறிகுடுத்தவன்கிட்ட போய் யாராச்சும் வேலை சொல்லுவாங்களாண்ணே? அந்தம்மா சொன்னாங்க. அது மட்டும் இல்லன்னா அன்னிக்கு அந்தக் கதவைத் தாண்டி நான் வெளிய வந்திருக்கவே மாட்டேன்."